தனியா டூர் போறீங்களா? முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சை ஆரம்பிப்பது எப்படி, எங்கே நிறுத்துவது? முழு விளக்கம்

தனியாகப் பயணம் கிளம்புகிறவர்களிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "துணைக்கு யாரும் வரலையா?" என்பதுதான். டிக்கெட், ரூம், எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என எல்லாவற்றுக்கும் இன்று மொபைலில் பதில் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு மட்டும் இல்லை.

முதல் இரண்டு நாள் தெரியாது. புது ஊர், புது சாப்பாடு, போட்டோ என்று ஓடிவிடும். மூன்றாவது நாள் ராத்திரி, பாஷை புரியாத ஊரில் ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போதுதான், காலையிலிருந்து ஆர்டர் கொடுத்ததைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உறைக்கும். பாதியில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், தெரியாதவர்களை நம்பி பணத்தையும் பாதுகாப்பையும் இழந்த செய்திகளும் அடிக்கடி வருகின்றன. பேசாமலே இருந்தால் தனிமை, எல்லோரையும் நம்பினால் ஆபத்து. நடுவில் இருக்கிற வழி என்ன?

பேச ஏன் தயங்குகிறோம்?

"எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவா இருக்குமோ" என்ற நினைப்புதான் பெரும்பாலும் காரணம். அந்த நினைப்பு சரிதானா என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பக்கத்து சீட்காரரிடம் பேச வேண்டும். இன்னொரு குழு யாரிடமும் பேசக் கூடாது. மூன்றாவது குழு வழக்கம்போல இருக்கலாம்.

பேசினால் பயணம் கெட்டுப்போகும் என்றுதான் மக்கள் கணித்தார்கள். நடந்தது தலைகீழ். பேசியவர்களே பயணம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். யாரிடமும் பேச்சு கொடுக்காதவர்கள் என்று பெயரெடுத்த லண்டன் ரயில் பயணிகளிடம் பிறகு இதே சோதனையை நடத்தியபோதும் கிட்டத்தட்ட இதே முடிவுதான்.

பேசி முடித்த பிறகு வரும் "அவருக்கு நம்மைப் பிடிச்சிருக்காது" என்ற எண்ணமும் பெரும்பாலும் தப்பு. 2018-ல் வந்த ஓர் ஆய்வில், புதிதாகச் சந்தித்தவர்கள் தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைத்தார்களோ, அதைவிட அதிகமாகவே பிடித்திருந்தது.

மொபைலில் இதைப் படிப்பவர்களுக்கு இன்னொரு தகவல். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவரையொருவர் தெரியாதவர்களைக் காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள். சிலரிடம் போன் இருந்தது, சிலரிடம் இல்லை. போன் இருந்தவர்கள் எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தது குறைவு. ரயிலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவரிடம் யார்தான் பேச வருவார்கள்?

பேச்சு தானாக நடக்கும் இடம் எது?

இந்தியாவில் தனியாகப் போகிறவருக்கு நீண்ட தூர ரயிலின் ஸ்லீப்பர் கோச்சுக்கு நிகரான இடம் வேறு இல்லை. ஒரு தடுப்புக்குள் எதிரெதிராக 6 படுக்கை, பக்கவாட்டில் 2. முன்பின் தெரியாத 8 பேர் ஒரு சின்ன வீட்டில் குடியிருப்பது மாதிரி. கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ரூகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ்தான் நாட்டிலேயே அதிக தூரம் ஓடும் ரயில். 4,000 கிலோமீட்டருக்கும் மேல், மூன்று நாட்களுக்கும் மேல். கேரளா, ஆந்திரா, ஒடிசா, வங்காளம் என்று போகப்போக டீ விற்பவரின் குரலில் பாஷை மாறும். எதிரில் உட்காருபவர்களும் மாறுவார்கள்.

இங்கே பேச்சை ஆரம்பிக்கத் தனித் திறமை எதுவும் வேண்டாம். ரயில்வே விதியே அதைச் செய்துவிடும். நடு பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கப் பயன்படுத்தலாம். மற்ற நேரம் அதை மடக்கி வைத்தால்தான் எல்லோரும் உட்கார முடியும். அதனால் "இப்ப தூக்கிடலாமா?", "நீங்க சாப்பிட்டீங்களா, அப்புறம் போட்டுக்கலாம்" என்று பேசியே ஆக வேண்டும். அப்புறம் சார்ஜர் பாயின்ட், ஜன்னல், செருப்பு. ஒரு மணி நேரத்தில் எட்டு பேரும் எங்கே இறங்குகிறார்கள் என்பது எட்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

ஏசி கோச்சில் திரைச்சீலை, போர்வை, அமைதி. வசதி அதிகம், பேச்சு குறைவு. முடிந்தவர்கள் பகல் நேரப் பயணத்தையாவது ஸ்லீப்பரிலோ இரண்டாம் வகுப்பு சிட்டிங்கிலோ வைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் இந்த யோசனை கொஞ்சம் கஷ்டம்தான்.

கொடுக்கிற சாப்பாட்டை வாங்கலாமா?

ரயில் நட்பின் நடுவில் நிற்கிற சிக்கல் இதுதான். மதியம் ஆனதும் எதிர் சீட் குடும்பம் டப்பாவைத் திறக்கும். புளியோதரையோ பூரியோ, முதல் வாய்க்கு முன்னால் "எடுத்துக்கோங்க" என்று நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடும். அதே ரயிலில்தான் "முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கும் உணவை உண்ண வேண்டாம்" என்ற எச்சரிக்கையும் இருக்கும். பிஸ்கட்டிலும் டீயிலும் மயக்க மருந்து கலந்து கொடுத்து நகை, பணம் பறித்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. எச்சரிக்கை சும்மா எழுதி வைத்தது அல்ல.

யாரையும் புண்படுத்தாமல் சமாளிக்க வழி உண்டு. "வயிறு சரியில்லைங்க, டாக்டர் வெளிச் சாப்பாடு வேண்டாம்னுட்டார்" என்பது எல்லா மாநிலத்திலும் மரியாதையாக ஏற்றுக்கொள்ளப்படும் பதில். விரதம் என்றால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இன்னும் நல்ல வழி, முதலில் நாம் கொடுப்பது. உரிக்காத வாழைப்பழம், கமலா ஆரஞ்சு, எல்லோர் முன்னாலும் பிரிக்கிற வேர்க்கடலைப் பொட்டலம். வாங்குகிறவருக்கும் பயம் இருக்காது. ஒரே டீக்காரரிடம் எட்டு பேருக்கும் டீ சொல்வது அதைவிட நல்லது.

பெரிய குடும்பம், குழந்தைகளும் அதே டப்பாவிலிருந்து சாப்பிடுகிறார்கள் என்றால் ஆபத்து மிகக் குறைவு. தனியாக வந்த ஒருவர், ஏறிய சில நிமிடங்களிலேயே, தான் சாப்பிடாத ஒன்றை நம்மிடம் மட்டும் நீட்டினால் வாங்கக் கூடாது. வற்புறுத்தினால் வேறு இடத்துக்கு மாறிவிட வேண்டும். ரயில்வே உதவி எண் 139.

என்னதான் பேசுவது?

பொது விஷயம், பக்கத்து விஷயம், சின்ன விஷயம். "இங்க எந்த டீக்கடை நல்லாருக்கும்?" என்பது "உங்க ஊர் எப்படி?" என்பதைவிட நல்ல ஆரம்பம். முதல் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியும். சொல்பவருக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. இரண்டாவது கேள்விக்கு "நல்லாருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கேட்ட பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கத் தெரிந்தால் போதும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்னதைத் தொடர்ந்து கேட்பவர்களை, எதிராளிக்கு அதிகம் பிடித்திருந்தது தெரியவந்தது. "தறி போட்டிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால், "ஓ, அப்படியா, நான் ஐ.டி.ல இருக்கேன்" என்பது ஒரு பதில். "கைத்தறியா, விசைத்தறியா? ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகும்?" என்பது இன்னொரு பதில். இரண்டாவதில்தான் ஒரு மணி நேரப் பேச்சு இருக்கிறது.

நம்மைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜிக் ரூபின் 1970-களில் பாஸ்டன் விமான நிலையத்தில், விமானத்துக்குக் காத்திருந்தவர்களிடம் ஒரு சோதனை செய்தார். ஒருவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் மனம் திறந்தால் எதிராளியும் திறந்தார். ரொம்ப அந்தரங்கமாக, திடீரென்று கொட்டினால், எதிராளி சந்தேகப்பட்டுச் சுருங்கிக்கொண்டார். ரயிலில் ஏறியதுமே மொத்தக் குடும்பக் கதையையும் சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்த அனுபவம் பலருக்கு இருக்கும்.

ஆனாலும், இனிமேல் பார்க்கவே போவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக, சொந்த அண்ணனிடம் சொல்லாததைப் பக்கத்து சீட்காரரிடம் சொல்வது மனிதர்களின் இயல்பு. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் 1908-லேயே இதை எழுதிவிட்டார். கடன், மகனோடு சண்டை, கட்டிக்கொள்ளாமல் போன காதல் என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால், அறிவுரை சொல்லாமல் கேட்பதுதான் நாகரிகம்.

பாஷை தெரியாத ஊரில்?

கூகுள் டிரான்ஸ்லேட் வழி கேட்கவும் விலை கேட்கவும் உதவும். நட்புக்கு அந்த ஊர் உறவுமுறைச் சொல் ஒன்று தெரிந்திருந்தால் போதும். கேரளாவில் சேட்டன், சேச்சி. இந்தி பேசும் ஊர்களில் பையா, தீதி. தெலுங்கிலும் கன்னடத்திலும் அண்ணா, அக்கா என்று நம் சொல்லே வேலை செய்யும். இலங்கையில் சிங்களம் பேசுகிறவர்களிடமும் "அக்கா" அக்காதான். அங்கே "அய்யா" என்றால் அண்ணன்.

வங்காளத்தில் "தாதா" என்றால் அண்ணன். அதே சொல்லை உத்தரப் பிரதேசத்தில் சொன்னால் தாத்தா. நம்மூரில் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படித் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டு, கூட்டமே சிரித்து, அதிலேயே பழக்கமாவதும் உண்டு. தப்பான இந்தியில் பேசுகிறவரைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை. திருத்திக் கொடுக்க நாலு பேர் வந்துவிடுவார்கள்.

சங்கடமான கேள்விகளுக்கு என்ன பதில்?

"எந்த ஊரு?" என்பதில் ஆரம்பித்து, "கல்யாணம் ஆயிடுச்சா?", "சம்பளம் எவ்வளவு?" வரை போவது இங்கே சாதாரணம். இவற்றில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. வெளிநாட்டவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கிற இந்தக் கேள்விகள் நம்மூரில் "நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கிறேன்" என்பதன் வேறு வடிவம். "சமாளிக்கிற அளவுக்கு வருதுங்க" என்று சிரித்தால் முடிந்தது.

ஊர் எது, தெரு எது, அப்பா பெயர் என்ன என்று சுற்றிச் சுற்றிச் சாதியைத் தோண்டுகிற கேள்விகள் வேறு ரகம். தமிழ்நாட்டுக்குள் தனியாகப் பயணிக்கிறவர்கள் பலருக்கும் இது நேர்கிறது. அந்தப் பதிலைப் பொறுத்துச் சிலருக்குக் கிடைக்கும் மரியாதையும் ரூமும் மாறுகின்றன என்பதை மறைப்பதில் பயனில்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "அதெல்லாம் எதுக்குங்க" என்று பேச்சை மாற்றலாம், எழுந்தும் போகலாம். எல்லா உரையாடலையும் நட்பாக்கியே தீர வேண்டும் என்பதில்லை.

தங்கும் இடத்தைப் பொறுத்து ஆட்கள் கிடைப்பார்களா?

நிச்சயமாக. லாட்ஜில் தனி ரூம் எடுத்தால் பேச ரிசப்ஷனில் இருப்பவர் மட்டும்தான். டார்மிட்டரியில் தங்கினால் ஒரே அறையில் நாலோ எட்டோ பேர். இந்த யோசனை புதிதல்ல. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1912-ல் ஜெர்மனியின் அல்டேனா கோட்டையில் உலகின் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டலைத் தொடங்கினார். இந்தியாவில் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் விடுதிகள் நீண்ட காலமாக இருக்கின்றன. 2013-ல் ஜோஸ்டெல் தொடங்கிய பிறகு தனியார் பேக்பேக்கர் ஹாஸ்டல்கள் வர்கலா, கொச்சி, ஹம்பி, வாரணாசி, ரிஷிகேஷ் என்று பரவிவிட்டன.

ஹாஸ்டலைத் தேர்வு செய்யும்போது போட்டோவில் கட்டிலைப் பார்க்காமல் பொது அறையைப் பார்க்க வேண்டும். பொதுச் சமையலறை இருக்கிறதா? மாலையில் எல்லோரும் உட்கார இடம் இருக்கிறதா? சமையலறை இருக்கிற இடத்தில் நட்பு சீக்கிரம் வரும். உப்பு எங்கே என்று கேட்காமல் யாராலும் சமைக்க முடியாது. ரிவ்யூவில் "பார்ட்டி" என்ற சொல் அதிகம் வந்தால், அமைதியாகப் பேச விரும்புகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

ஹாஸ்டலில் ஒரு குறையும் இருக்கிறது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் நம்மைப் போலவே வந்த வெளியூர்க்காரர்கள்தான். பெங்களூரு ஐ.டி. ஊழியரைச் சந்திக்க ஹம்பிக்குப் போக வேண்டியதில்லை. ஊர்க்காரர்களோடு பழக ஹோம்ஸ்டேதான் சரி. கேரளாவில் அரசின் பொறுப்புச் சுற்றுலா திட்டத்தின் கீழ் கிராம வாழ்க்கையைக் காட்டும் பயணங்கள் நடக்கின்றன. கயிறு திரிப்பவர், ஓலை முடைபவர் வீட்டுக்கே கூட்டிப்போவார்கள். பணம் கொடுத்துப் போவதுதான் என்றாலும், கையில் தென்னை நார் இருக்கும்போது பேச்சு தானாக வரும்.

காசு வாங்காமல் வீட்டில் தங்கவைக்கும் அமைப்புகளும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாடுகளுக்கிடையே பகை குறைய வேண்டும் என்ற எண்ணத்தில் 1949-ல் தொடங்கிய செர்வாஸ் அதில் பழையது. விருந்தாளி, வீட்டுக்காரர் இருவரையும் முதலில் நேரில் பேசிப் பார்த்து உறுப்பினராக்குவது அதன் வழக்கம். 2004-ல் தொடங்கிய கவுச்சர்ஃபிங் இதை இணையத்தில் பெரிதாக்கியது. 2020-ல் அது கட்டணம் கேட்க ஆரம்பித்ததும் பலர் வெளியேறிவிட்டார்கள். இப்படித் தங்கும்போது பழைய விருந்தாளிகளின் ரிவ்யூவை முழுசாகப் படிப்பதும், பிடிக்காவிட்டால் உடனே கிளம்ப ஒரு லாட்ஜ் பெயரையும் அதற்கான பணத்தையும் கையில் வைத்திருப்பதும் அவசியம்.

பேசவே வராதவர்கள் என்ன செய்யலாம்?

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அறிவுரையாக "தைரியமா பேசுங்க" என்பதைவிடப் பயனற்ற வாக்கியம் இல்லை. அவர்களுக்கு வேலை கொடுத்தால் போதும். கை வேலை செய்யும்போது கண் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, அமைதியாக இருந்தாலும் தப்பாகத் தெரியாது.

அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர் இதற்கு நல்ல உதாரணம். மதம், சாதி, ஊர் எதுவும் கேட்காமல் நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு அங்கே இலவசச் சாப்பாடு. எல்லோரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். சமையல் முதல் பாத்திரம் கழுவுவது வரை பெரும்பகுதி சேவைக்கு வருகிறவர்கள் செய்வது. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பூண்டு உரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருக்கிற பஞ்சாபிப் பாட்டி, உரிப்பது சரியில்லை என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கவும் கூடும். அமிர்தசரஸ் போகிறவர்களில் பாதிப் பேர் போட்டோ எடுத்து, சாப்பிட்டு, வாகா எல்லைக்கு ஓடிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஆரோவில் பக்கத்தில் 2003-ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்டில் காடு வளர்க்கும் வேலைக்குத் தன்னார்வலர்கள் வந்து தங்குகிறார்கள். காலையில் மண் வேலை, பிறகு சேர்ந்து சமையல். இயற்கை விவசாயப் பண்ணையில் வேலை செய்து, பதிலுக்குத் தங்கும் இடமும் சாப்பாடும் பெறும் 'வூஃப்' முறை 1971-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது; லண்டனில் செக்ரட்டரியாக இருந்த சூ கோப்பர்ட் என்ற பெண் வார இறுதிக்காகத் தொடங்கியது, இன்று பல நாடுகளில் இருக்கிறது. வெளிநாட்டில் இப்படி வேலை செய்யப் போகிறவர்கள் விசா விதியைப் பார்க்க வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும், சாப்பாட்டுக்காகச் செய்வதையும் வேலையாகவே கருதும் நாடுகள் உண்டு. டூரிஸ்ட் விசாவில் போய் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட வாய்ப்பு இருக்கிறது.

சேர்ந்து நடப்பதும் அப்படித்தான். ஸ்பெயினின் காமினோ தே சாண்டியாகோ யாத்திரைப் பாதைக்கு உலகம் முழுவதிலிருந்தும் தனியாக வருகிறவர்கள் அதிகம். பிரான்ஸ் எல்லையிலிருந்து நடந்தால் சுமார் 780 கிலோமீட்டர். கடைசி 100 கிலோமீட்டரையாவது நடந்து, வழியில் முத்திரை வாங்கியவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. 2024-ல் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே திசை, கிட்டத்தட்ட ஒரே வேகம். காலையில் பார்த்தவரை ராத்திரி விடுதியில் மறுபடி பார்ப்பார்கள். கால் கொப்புளத்துக்கு பிளாஸ்டர் கேட்பதில் ஆரம்பிக்கிற நட்பு அது. "புவென் காமினோ" என்ற ஒரு வாழ்த்து எல்லோருக்கும் பொது.

நம்மூரில் அந்த வேலையைச் செய்வது திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கிலோமீட்டரும், தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரையும். சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்குள் எல்லோருமே "சாமி". அதிகாரியும் சாமி, கொத்தனாரும் சாமி. பக்தி இருக்கிறதோ இல்லையோ, பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் கிரிவலப் பாதையை மெதுவாக நடந்தால், கூடவே நடக்கிற ஒருவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

தனியாகப் போகும் பெண்கள் கூடுதலாக எதைக் கவனிக்க வேண்டும்?

மேலே சொன்ன எதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆண் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசலாம். பெண் அதே பெஞ்சில் உட்கார்ந்தால், அவர் சிரித்ததற்கே வேறு அர்த்தம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பு அவர் மேல் இல்லை. ஆனால் நிலைமை அதுதான்.

அதனால் பல பெண் பயணிகள் முதல் பேச்சைப் பெண்களிடமிருந்தே ஆரம்பிக்கிறார்கள். பூக்காரம்மா, வளையல் கடை, ஹோம்ஸ்டே வீட்டு அம்மா, பஸ்ஸில் பக்கத்து சீட் கல்லூரி மாணவி. அவர்கள் மூலம் பழகும்போது ஊரே கொஞ்சம் பாதுகாப்பாகிவிடும். "தனியாவா வந்தீங்க?" என்ற கேள்விக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. "வீட்டுக்காரர் ரூம்ல இருக்கார்", "ஃப்ரெண்ட்ஸ் அடுத்த ஸ்டேஷன்ல ஏறுறாங்க" என்று சொல்வதில் குற்றவுணர்வு தேவையில்லை. தங்கும் இடத்தின் பெயர், ரூம் நம்பர், அடுத்த நாள் எங்கே போகிறோம் என்பவற்றைச் சொல்லாமலே நன்றாகப் பழக முடியும்.

லைவ் லொக்கேஷனை வீட்டில் ஒருவருக்காவது அனுப்பி வைப்பது நல்லது. ரயிலில் தனியாகப் போகும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படை 2020 முதல் 'மேரி சஹேலி' என்ற திட்டத்தை நடத்துகிறது. பெண் காவலர்கள் சீட்டுக்கே வந்து பேசி, கோச், சீட் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவி எண் 181, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1363.

நட்பா, வலையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நட்பை வைத்து ஏமாற்றுவது ஒரு தொழிலாகவே நடக்கும் ஊர்கள் உண்டு. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் "இங்கிலீஷ் பேசிப் பழகணும்" என்று சிரித்தபடி வரும் இளைஞர்கள் டீக்கடைக்கு அழைத்துப்போவார்கள். பில் தலை சுற்றும். பாங்காக்கில் "அரண்மனை இன்னைக்கு மூடியிருக்கு" என்று அக்கறையாகச் சொல்கிறவர், டுக்டுக்கில் ஏற்றி நகைக்கடையில் இறக்குவார். இஸ்தான்புல்லில் மாலையில் அறிமுகமாகும் நண்பர் "ஒரு டிரிங்க்" என்று பாருக்குக் கூப்பிடுவார். ஜெய்ப்பூரிலும் ஆக்ராவிலும் நவரத்தினக் கல்லை வெளிநாட்டில் விற்றால் பல மடங்கு லாபம் என்று சொல்லி சுற்றுலாப் பயணிகளின் கார்டைத் தேய்க்க வைத்தார்கள்.

ஊர் வேறு, கதை ஒன்று. முதலில், பேச்சை ஆரம்பித்தது யார்? நாம் போய்ப் பேசினால் அவர் மோசடிக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு சதுக்கத்தில் நூறு பேர் இருக்க, நம்மைத் தேடி வந்து பேசுகிறவரிடம்தான் கவனம் தேவை. அடுத்தது, இடத்தை மாற்றச் சொல்கிறாரா? நல்ல நட்பு நின்ற இடத்திலேயே வளரும். "வாங்க, ஒரு இடம் காட்டுறேன்" என்பது சீக்கிரமே வந்தால், "எனக்குப் பிடிச்ச கடை ஒண்ணு இருக்கு, அங்க போலாம்" என்று நாம் ஓர் இடத்தைச் சொல்லிப் பார்க்கலாம். உண்மையான ஆள் சரி என்பார். கமிஷனுக்கு வந்தவர் நழுவிவிடுவார். இந்த ஒரு சோதனை பெரும்பாலான வலைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். "இன்னைக்கு மட்டும்தான்", "இப்பவே" என்ற அவசரம் வந்தால் இன்னும் யோசிக்கத் தேவையே இல்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் சந்தேகப்பட்டால், அதுவும் நஷ்டம். தெரியாத ஊரில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரை வீட்டு வாசலில் படுக்க வைத்து, காலையில் டீ கொடுத்து அனுப்புகிறவர்களும் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

சிரிப்புக்கும் காசு உண்டா?

ஹோட்டல் பையன், கைடு, படகுக்காரர், ஹோம்ஸ்டே அம்மா எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள். அது அவர்களுடைய வேலையும்கூட. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-ல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய புத்தகத்தில், சிரிப்பதையே சம்பளத்துக்குச் செய்ய வேண்டியிருக்கும் நிலையைப் பற்றி விரிவாகப் பேசினார். படகுக்காரரின் அன்பு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால், நட்பு என்ற பெயரில் அவரிடம் கூலியைக் குறைக்கச் சொல்வதும், சீசன் நேரத்தில் மணிக்கணக்கில் அவரைப் பேச்சில் நிறுத்தி வைப்பதும் அவர் பிழைப்பைக் கெடுப்பது. பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்த நேரத்தில் டீ வாங்கிக் கொடுத்தால், அப்போது கிடைக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கேட்காமல் போட்டோ எடுத்து ரீல்ஸில் போடுவது இப்போது பெரிய பிரச்னை. முதலில் பேச்சு, பிறகு அனுமதி, அதன் பிறகுதான் கேமரா.

ஊர் திரும்பிய பிறகு?

பெரும்பாலான பயண நட்பு ஸ்டேஷனோடு முடிந்துவிடும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும், லேசான பழக்கங்களைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதுதான். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புது வேலை, புது ஊர், புது தகவல் எல்லாம் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மூலமாகவே அதிகம் வருகின்றன என்றார் அவர்.

தொடர்பில் இருக்க விரும்பினால், முதலில் மொபைல் எண்ணுக்குப் பதில் இன்ஸ்டாகிராம் ஐடி கொடுப்பது பாதுகாப்பு. பிடிக்கவில்லை என்றால் பிளாக் செய்துவிடலாம். வீட்டு முகவரி தேவையில்லை. சில மாதம் கழித்து "அவசரம், ஒரு பத்தாயிரம் அனுப்ப முடியுமா?" என்று மெசேஜ் வந்தால், பணம் அனுப்பும் முன் வீடியோ காலில் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். கணக்கை ஹேக் செய்து பழைய தொடர்புகளிடம் பணம் கேட்பது இன்று சாதாரணமாக நடக்கிற மோசடி.

"போட்டோ அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் அதை மறந்துவிடுவதுதான் ஊர்க்காரர்கள் அதிகம் சொல்லும் குறை. வாட்ஸ்அப் இல்லாத பெரியவர் என்றால் பிரின்ட் போட்டுத் தபாலில் அனுப்பலாம். ஸ்டூடியோவில் ஒரு பிரின்டுக்கு ஆகிற செலவு டீக்காசு அளவுதான். முகவரி சரியாகத் தெரியாவிட்டாலும், கடைப் பெயர், கிராமத்தின் பெயர், பின்கோடு மூன்றும் எழுதியிருந்தால் சின்ன ஊர்களில் தபால்காரரே தேடிப் பிடித்துக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம்.